சின்ன அணை உடைந்தால் வயல் மட்டும்தான் நனையுமா?

"தனியார் நிலத்தில் உள்ள சிறிய மண் அணை உடைந்தால் சொந்தக்காரர் வயல்தான் நனையும், அரசு ஆய்வெல்லாம் வீண் வேலை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணையின் உயரம் சுமார் 12 மீட்டர்தான். அதன் சொந்தக்காரர் கீழே இருந்த ஒரு பைபிள் கல்லூரி. 1977 நவம்பர் 6 அதிகாலையில் அது உடைந்ததும், தூக்கத்திலிருந்த கல்லூரிக் குடியிருப்பை வெள்ளம் அடித்துச் சென்றது. 39 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1978-இல், ஜார்ஜியா அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

"மழை அதிகம், யார் என்ன செய்ய முடியும்?" என்பது அதே செய்தியின் அடுத்த வரி. பாதி உண்மை, அதனாலேயே கூடுதல் ஆபத்து. ஹவாயின் கவாய் தீவில் கரும்புத் தோட்டத்துக்காகக் கட்டிய கா லோகோ அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தபோதும் பல வாரமாக மழைதான். ஆனால் மிகைநீர் வழிய வேண்டிய கலிங்கு அங்கே இல்லை. அதை மண்போட்டு மூடியிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. அரசும் அந்த அணையை ஒருமுறைகூட ஆய்வு செய்திருக்கவில்லை. கலிங்கு இல்லாவிட்டால் தண்ணீர் கரை மேலேறி வழியும், வழியும் நீர் மண்ணை அரிக்கும். கான்கிரீட் சற்றுத் தாங்கும், மண் தாங்காது. கரையில் வளரும் மரத்தின் வேர்வழியே கசிவு தொடங்குவது இன்னொரு வழி. இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், கரையில் ஒருவர் நடந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.