கேக் கடை கேஸ்ல தீர்ப்பு சொன்னது அது இல்லை
ஓரின ஜோடிக்குக் கல்யாண கேக் செய்ய மறுத்த அமெரிக்கக் கடைக்காரர் கேஸ்ல ஜெயிச்சதால, இனி ஓரினத் திருமண ஜோடிக்கு எந்தக் கடையும் சர்வீஸ் மறுக்கலாம்னு இதப் பத்தின கட்டுரையில இருக்கு, அது தப்பு. 2018ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொலராடோ கேக் கடைக்காரர் பக்கம் 7-2ன்னு தீர்ப்பு சொன்னது, மாநில சிவில் உரிமை கமிஷன் அவரோட மத நம்பிக்கைய மட்டமா பேசி விசாரிச்சதுக்காகத்தான், மறுக்கற உரிமை உண்டான்ற பெரிய கேள்விய அவங்க முடிக்கவே இல்ல. 2023ல ஓரினத் திருமணத்துக்கு வெப்சைட் செய்ய மாட்டேன்னு சொன்ன டிசைனர் பக்கம் 6-3ன்னு தீர்ப்பு வந்தது வேற, அது பேச்சுரிமை பத்தினது. கட்டுரைக்குக் கமெண்ட் போட்ட ஒருத்தர் ‘வேற கடைக்குப் போக வேண்டியதுதானே’ன்னு கேக்கறார். அந்த ஆண் ஜோடி 2012ல கேக் கடைக்குப் போனப்ப அவங்கள்ல ஒருத்தரோட அம்மாவும் கூட இருந்தாங்க, டிசைன் பத்திப் பேசறதுக்கு முன்னாடியே கடைக்காரர் இல்லைன்னுட்டார், மறுநாள் அந்தம்மாவே போன் போட்டு ஏன்னு கேட்டாங்க. பெத்த பையன் தலைகுனிஞ்சு வெளிய வர்றத பாத்தவங்களுக்கு பக்கத்துத் தெருவுல இன்னொரு பேக்கரி இருக்குன்றது என்ன ஆறுதல்? எங்களுக்கும் ஒருதடவை வீட்டு ஓனர் அட்வான்ஸ் பேசி முடிச்சப்புறம் ‘நீங்க என்ன ஆளுங்க’ன்னு கேட்டுட்டு சாவிய திருப்பி வாங்கிக்கிட்டார், வேற வீடு கெடச்சிடுச்சு, ஆனா படியில இறங்கறப்ப எங்கம்மா ஒரு வார்த்தை பேசல. 1960கள்ல தெற்கு கரோலினாவுல ஒரு பார்பிக்யூ ஓட்டல்காரரும் கறுப்பினத்தவர உள்ள விடாததுக்கு மதத்ததான் காரணம் சொன்னார், 1968ல இதே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்த ஒரு பொருட்டாவே எடுத்துக்கல.