கதவைப் பிடித்துக்கொண்டே போன கார்

போன வாரம் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டப வாசலில், பூ அலங்காரத்தோடு ஒரு பழைய அம்பாசடர் நின்றது. செல்பி எடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருத்தன் என்னைப் பார்த்து, "அங்கிள், அந்தக் காலத்து வண்டின்னா இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா" என்றான். பந்திக்கு நேரமாகிவிட்டதால் அவனிடம் வாதாடவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன். மூன்று பழைய கார்களை வைத்துக் கட்டி மாரடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியை அதுகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தவன் சொல்கிறேன், அதெல்லாம் நல்ல வண்டிகளே இல்லை. எனக்கு அதுகள் மேல் கொள்ளைப் பிரியம், அது வேறு கணக்கு.

முதல் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1989இல் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவரிடம் வாங்கினேன். இப்போது இருபது முப்பது வயதில் இருப்பவர்களுக்குப் பெயரே தெரியாது. இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961இலிருந்து இங்கே செய்து விற்றது. உருவம் வரைந்தவர் மிக்கெலொட்டி என்ற இத்தாலிக்காரர், அதனால்தான் அம்பாசடர் சோற்றுப் பானை மாதிரி உருண்டு நிற்கும்போது இது மட்டும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும். அப்புறம் ஒரு விசேஷம், சொந்த ஊரான இங்கிலாந்தில் ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுதான். நம் ஆட்கள் குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் ஆயிற்றே, இங்கே பிற்பாடு நாலு கதவு வைத்துச் செய்தார்கள். என்னுடையது நாலு கதவு.

அந்த நாலில் ஒன்றுதான் என் மானத்தை வாங்கியது. இந்த வண்டிக்கு சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி, போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். இருபது வருஷத்தில் அந்த போல்ட்டெல்லாம் துருவேறி, ரப்பர் நைந்து, பாடி லேசாகத் தொய்ந்துவிட்டது. வாங்கும்போதே சிம்மக்கல் பட்டறை பாய் சொன்னார், "தம்பி, இதை முதல்ல பாத்துருங்க." நான் பார்க்கவில்லை, பெயின்ட் அடித்தேன். விளைவு, தெப்பக்குளம் திருப்பத்தில் வண்டி வளைந்தால் முன்பக்க இடது கதவு தானாகத் திறக்கும். பெல்ட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரி ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் கதவையும் பிடித்துக்கொண்டு ஆறு மாசம் பயணம் செய்தாள். "என்னங்க, திருப்பம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். இன்றைக்கு நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது.

ஆனால் அந்த வண்டி திரும்புகிற அழகு இருக்கிறதே! முன்சக்கரம் ஏறக்குறைய குறுக்கே நிற்கிற அளவுக்கு ஒடியும். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். மேலமாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளுக்குள் போய்விட்டு, அம்பாசடர்காரர் மூன்று தடவை முன்னே பின்னே எடுத்து வியர்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரே ஒடிப்பில் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிப்பேன். அற்ப சந்தோஷம்தான்.

பானெட் இன்னொரு வேடிக்கை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பாகம் மொத்தமும் முன்னால் பார்த்துச் சாயும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. இன்ஜின் அப்படியே அம்மணமாக நிற்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒருதடவை தேனிக்குப் போகும்போது செக்கானூரணி தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஆவி பறந்தது. பானெட்டைச் சாய்த்ததுதான் தாமதம், ஆடு மேய்த்தவர், சைக்கிளில் போனவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று சந்தைக் கூட்டம் கூடிவிட்டது. "என்னண்ணே, வண்டி வாயப் பொளந்துருச்சு?" என்றார் ஒருத்தர். அவரே போய்ப் பம்புசெட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார், சைக்கிள் டியூபை வெட்டி ஹோஸில் சுற்றிக் கட்டியதும் அவர்தான். "பைய ஓட்டுங்க, உசிலம்பட்டி வரைக்கும் தாங்கும்" என்றார். தாங்கியது.

பின்சக்கரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மச்சினன் கோபித்துக்கொள்வான். இதில் பின் ஆக்சில் ஒரே தண்டாக இருக்காது, நடுவில் மூட்டு வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கித் தொங்கும், கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கின மாதிரி. அழகர்கோவில் ரோட்டில் பஞ்சரானபோது மச்சினன் ஜாக்கியை ஏற்றினான், சக்கரம் மடங்கியதைப் பார்த்து ஆக்சிலை உடைத்துவிட்டோம் என்று எண்ணி அப்படியே நாலடி பின்னால் ஓடிவிட்டான். வேகமாக வளைத்தால் ஓட்டத்திலும் அந்தச் சக்கரம் இப்படி மடங்கப் பார்க்கும் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும்.

நடுவில் ஒரு பிரீமியர் பத்மினி கார் இருந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் கியர், வெயிலில் பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி சுற்றுவது, எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுவோம்.

மூன்றாவது வண்டி டால்பின், அதன் கதைதான் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் சிபானி கம்பெனி 1982 வாக்கில் கொண்டுவந்தது, இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன் காரின் நகல். 848 சிசி அலுமினிய இன்ஜின், பாடி முழுக்க ஃபைபர். அடுத்த வருஷக் கடைசியிலேயே மாருதி 800 வந்துவிட்டது, அப்புறம் இதை யார் சீந்துவார்கள்? சீந்தாத விலைக்கு வந்ததால் நான் வாங்கினேன். ஒரு நாள் என் வீட்டு கேட் தூணில் நானே இடித்துவிட்டேன். நசுங்கவில்லை, பீங்கான் தட்டு மாதிரி விரிசல் விட்டது. டிங்கரிங் கடையில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டை அடைக்கிற ஒருவர் வந்து பசையும் நாரும் வைத்துப் பூசிக் கொடுத்தார், கூலி 150 ரூபாய். பல வருஷம் கழித்துக் காயலான் கடைக்குப் போட நினைத்தபோது கடைக்காரர் பாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது எடைக்கு ஆகாதுண்ணே" என்றார். இரும்பு இரும்பு என்கிற தம்பிக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இரும்பும் அவன் நினைக்கிற மாதிரி இல்லை. இப்போதைய கார் மோதினால் அப்பளமாகிறது என்கிறார்கள், முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். பழைய வண்டி கெட்டியாக நின்றால் அந்த அடி உள்ளே இருப்பவன் நெஞ்சுக்குப் போகும். என் பேத்தியை அந்த ஹெரால்டில் ஏற்றுவேனா என்று கேட்டால், சத்தியமாக மாட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்லிவிடுகிறேன். நாகமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு நிற்கிறது, உள்ளே கோழி அடைகாக்கிறது. 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், கட்டணம் 20 ஆயிரம், நம்பரில் 'விஏ' என்று வரும், ஆனால் இன்ஜினையோ பாடியையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, தினப்படி ஓட்டவும் கூடாது. காய்கறி வாங்கப் போகாத ஹெரால்டை வைத்து நான் என்ன செய்ய? இருந்தாலும் விலை கேட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வாங்குங்க. கதவை நான் பிடிக்க மாட்டேன்."