தென்னையின் வளையம் ஆண்டுக் கணக்கு அல்ல
தென்னந்தண்டின் வளையங்களை நெருங்கி எடுத்து நீங்கள் பகிர்ந்த படம் அருமையாக இருக்கிறது. ஆனால் அதன் கீழே "ஒரு வளையம் ஓர் ஆண்டு, 140 வளையம் இருப்பதால் மரத்துக்கு 140 வயது" என்று எழுதியிருப்பது தவறு. பலர் அதை நம்பிப் பகிர்வதால் சொல்கிறேன்.

அந்த வளையங்கள் மட்டை விழுந்த இடத்தின் தழும்புகள். நன்றாக வளரும் தென்னை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மட்டை விடும்; ஒவ்வொன்றும் உதிரும்போது ஒரு தழும்பு மிஞ்சும். அப்படியானால் 140 தழும்பு என்பது சுமார் 12 ஆண்டு வளர்ச்சி. தண்டு தரைக்கு மேலே தெரிவதற்கு முந்தைய சில ஆண்டுகளைச் சேர்த்தாலும் அது இளமரம்தான்.

தேக்கை அறுத்தால் உள்ளே ஆண்டு வளையம் தெரியும். தென்னையை அறுத்தால் வளையமே இருக்காது, நார்க்கற்றைகளின் பழுப்புப் புள்ளிகள்தான் சிதறிக் கிடக்கும். ஆண்டுதோறும் தண்டைப் பருக்க வைக்கும் வளர்திசு அதற்கு இல்லை.

வளையங்களின் இடைவெளியைக் கவனியுங்கள், உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் கிடைத்த காலத்தில் அகன்றும், வறட்சியில் நெருங்கியும் வரும். அதைப் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம். நேர் வெளிச்சம் தழும்பின் விளிம்பைத் தட்டையாக்கிவிடும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே மெல்லிய நிழல்கோடு விழும். படத்தை நீக்க வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.