கிளி வைத்த பாக்குவெட்டியைச் சுவரில் மாட்டலாமா?

அழகு வேலைப்பாடு செய்த ஒரு கருவியைப் புழங்குவதா, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் காப்பதா என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் கொஞ்ச காலமாக நடந்துவருகிறது. வழக்குக்குரிய பொருள், ராமநாதபுரம் பக்கம் கடற்கரைக்கு அருகே உள்ள திருப்புல்லாணியில் பெரியம்மா வீட்டில் இருக்கும் பித்தளைப் பாக்குவெட்டி. அப்பத்தா புழங்கியது. சென்னையில் புது வீடு கட்டியிருக்கும் சித்தப்பா மகன், அதைத் தன் வரவேற்பறைச் சுவரில் வெல்வெட் துணியின் மேல் பொருத்தி, கண்ணாடி போட்டு, விளக்கு வைத்துக் காட்ட விரும்புகிறான். "இவ்வளவு நுணுக்கமான சாமானை அடுப்படியில போட்டு வச்சிருக்கீங்களே பெரியம்மா" என்பது அவன் ஆதங்கம். "மாட்டுறது இருக்கட்டும்டா, அதுல ஒரு பாக்கு வெட்டத் தெரியுமா உனக்கு?" என்பது பெரியம்மாவின் பதில். நான் பெரியம்மாவின் கட்சி. ஆனால் என் காரணங்கள் எல்லாம் அவருடைய காரணங்கள் அல்ல. சிலவற்றை அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைகளும் பித்தளை வார்ப்பு. மேல்கையின் அடியில் இரும்பு அலகு ஒன்றைப் பதித்துத் தறைந்திருக்கிறார்கள். இரண்டு கைகளும் சேரும் மூட்டில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது. மூட்டைப் பிணைக்கும் ஆணியின் தலையே கிளியின் கண். அதாவது கருவி எந்த ஆணியில் சுழல்கிறதோ அந்த ஆணி கிளிக்குப் பார்வையாகவும் ஆகிவிட்டது. கீழ்க்கையில் பாக்கு உருளாமல் நிற்பதற்கு ஒரு சிறு பள்ளம் உண்டு. இரு கைகளின் நுனியும் தாமரை மொட்டாக முடிகின்றன. கிளியின் சிறகில் ஒருகாலத்தில் செதில் செதிலாகக் கீறல் வேலை இருந்திருக்கிறது; இப்போது விரலால் தடவினால்தான் தெரிகிறது.

இந்த அலங்காரம் எங்கெங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால் வழக்கில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். பாக்குவெட்டியைப் பிடிக்கிற உள்ளங்கை கைப்பிடியின் பின்பாதியில்தான் படிகிறது. அங்கே வேலைப்பாடு எதுவும் இல்லை, செய்த ஆசாரி வழுவழுவென்று விட்டிருக்கிறார். கிளி இருப்பதோ கைபடாத எதிர்முனையில். நுனி மொட்டுகள் வெறும் அழகுக்கு வைத்தவை அல்ல. கொட்டைப்பாக்கு சட்டென்று பிளக்கும் கணத்தில் விரல்கள் நழுவாமல் தடுப்பவை அவைதான். அவர் அழகை, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத இடத்திலும், வேலைக்கு உதவுகிற இடத்திலும் மட்டும் வைத்திருக்கிறார். பார்ப்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தால் கைப்பிடி முழுவதும் கொடி ஓட்டியிருப்பார். அலகுக்குப் பதம் ஏற்றியிருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்திருக்காது. பெயர் தெரியாத அந்த மனிதர் தன் பொருள் எப்படிப் பிழைக்க வேண்டும் என்று விரும்பினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாகவும் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இடுக்குகளை அடைத்து, புது வண்ணம் பூசி, பெயரெழுதி, படகின் முன்முனையான அணியத்தில் பூவோ சிலுவையோ பிறையோ வரைந்து முடிக்கிறார்கள். வண்ணம் காய்ந்த படகைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் பூச்சு கெட்டுவிடும் என்பதற்காகப் படகைக் கடலில் இறக்காத மீனவரை நான் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் தின்றதை அடுத்த தடைக்காலத்தில் திரும்பப் பூசுகிறார்கள். ஆயுத பூஜையிலும் இதே முறைதான். அரிவாளையும் உளியையும் தையல் மிஷினையும் கழுவிப் பொட்டு வைத்து, அன்றைக்கு ஒருநாள் வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கிறோம். விஜயதசமியன்று அதே கருவியை எடுத்து வேலையைத் தொடங்குகிறோம். வணங்கியதால் அது இனி வேலைக்கு ஆகாது என்று யாரும் எடுத்து வைத்துவிடுவதில்லை.

"புழங்கினால் தேயும், பூட்டினால் நிலைக்கும்" என்பதுதான் தம்பியின் முக்கிய வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாத வாதம் போலத் தோன்றும். ஆனால் எங்கள் ஊர்க் காற்று அந்த வாதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவன் குடியிருக்கும் சென்னையின் காற்றும் உப்புக் காற்றுதான். இரும்பும் பித்தளையும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், இரண்டில் இரும்புதான் முதலில் அரிக்கும், அதுவும் தனியாக இருப்பதைவிட விரைவாக அரிக்கும். பாக்குவெட்டியில் அந்த இடம் அலகைத் தறைந்த பொருத்தும் மூட்டும் ஆகும். இரண்டுமே வெளிக்கண்ணுக்குத் தெரியாதவை. நாள்தோறும் திறந்து மூடுகிற கருவியில், மூட்டு இறுகத் தொடங்கினால் கைக்கு உடனே தெரிந்துவிடும்; ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. சுவரில் மாட்டியதிலோ, துரு வெளியே எட்டிப் பார்க்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். வெல்வெட் துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிளைவுட் பலகையும் பசையும் கசியவிடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகங்களில் காட்சிப் பெட்டிக்குள் ஈரப்பதத்தை அளந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றி மாற்றி வைப்பதற்குக் காரணம் இதுதான். வரவேற்பறையில் அந்த வேலையை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று, பளபளப்பு. காட்சிக்கு வைத்த பித்தளை மங்கினால் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. விருந்தாளி வருகிறார் என்றால் புளியும் சாம்பலும், அல்லது கடையில் விற்கும் பாலிஷும் வெளியே வந்துவிடும். புளியின் அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. ஊறவிட்டால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தையும் கரைத்து, செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக விட்டுவிடும். சாம்பலும் செங்கல் பொடியும் கீறல் வேலையின் விளிம்புகளை ஒவ்வொரு தேய்ப்பிலும் மழுக்குகின்றன. எங்கள் கிளியின் சிறகு மறைந்ததற்குக் காரணம் பாக்கு வெட்டியது அல்ல. வெட்டும்போது எந்த விரலும் அங்கே போவதில்லை. பொங்கலுக்குப் பொங்கல், மற்றப் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்ததால்தான் அது போயிற்று. பெரியம்மா ஒப்புக்கொள்ளாத காரணங்களில் இது முதலாவது. பாத்திரம் விளக்குவதில் அவருக்கு இருக்கும் பெருமையை நான் தொடப்போவதில்லை, ஆனால் கிளியை இனி அந்தக் குவியலில் போடவேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

புழக்கத்திலும் கேடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய கேடு சாணைதான். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் தீப்பொறி பறக்கும், அலகு சூடேறி விளிம்பில் நீலம் பாரிக்கும், பதம் போய்விடும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது, நிற்காத கூருக்காக மறுபடி மறுபடி கொடுத்து அலகே கரைந்துபோகும். எண்ணெய்க் கல்லில் கையால் மெல்லத் தீட்டினால், வீட்டுப் புழக்கத்துக்கு ஓர் அலகு ஒரு தலைமுறையைத் தாண்டும். அலகு போனால் மாற்றலாம், ஆணி தளர்ந்தால் தட்டி இறுக்கலாம். இவை இரண்டும் மாற்றப்பட வேண்டியவை என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். வார்ப்புக் கை உடைந்தால் கதை வேறு. அதனால் தேங்காய் ஓட்டை உடைப்பது, டப்பா மூடியை நெம்புவது போன்ற வீரச் செயல்களுக்கு அதை எடுக்கக்கூடாது. அதற்குரிய வேலையை மட்டும் அதில் செய்வது என்பதுதான் நான் ஆதரிக்கும் புழக்கம்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது: அதற்குரிய வேலையே கெட்ட வேலை ஆகிவிட்டதே? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பாக்கு போடும் பழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பெரியம்மாவே அதை விட்டுவிட வேண்டும் என்பது என் விருப்பம். (ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொன்னேனே, இது இரண்டாவது.) ஆனால் பாக்குவெட்டிக்குப் பாக்கு மட்டும்தான் வேலை என்று எந்த வீட்டில் இருந்தது? சுக்கு, அதிமதுரம், வசம்பு என்று கத்திக்கு அடங்காத மருந்துச் சரக்குகளையெல்லாம் அதில்தான் நறுக்கினார்கள். பாயாசத்துக்கும் பிரியாணிக்கும் பாதாமைச் சீவ அதைவிட நல்ல கருவி இன்றைக்கும் கடையில் இல்லை. பாதாமைப் பள்ளத்தில் படுக்கவைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால், அலகு இறங்குவது கைக்குத் தெரியும். தாளைப் போன்ற சீவல் விழும், பருப்பு நொறுங்காது. நிச்சயதார்த்தத் தட்டுக்குக் கொட்டைப்பாக்கை முழுசாகவே வைக்கிறோம், அதை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

எல்லாக் கருவியையும் புழங்கியே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சீமையின் வளைந்த எறிகருவியான வளரியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தார் என்று, பின்னால் அவருக்கு எதிராகவே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது. அப்போது தளர்ந்த பழக்கம், முயல் வேட்டைக்கு வீசுவதாகச் சுருங்கி, பிறகு அதுவும் ஓய்ந்தது. இன்று பழைய வளரி ஒன்று கிடைத்தால் அதை வீசிப் பார்ப்பது மடத்தனம். பயிற்சி பெற்ற கை இல்லை, உடைந்தால் மாற்றும் இல்லை. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த தந்த வளரிகளைப் பற்றி, அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். யானைத் தந்தத்தில் வளரி செய்தவர் அதை முயல்மேல் எறிவதற்காகச் செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அது பிறந்ததே காட்சிக்காக என்றால் காட்சியில் இருப்பதுதான் முறை. புணேயில் கேல்கர் அருங்காட்சியகத்தில் விதவிதமான பாக்குவெட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஓர் ஊரின் கைக்கும் இன்னோர் ஊரின் கைக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும். அந்த வேலையை எந்த வீடும் செய்ய முடியாது. என் மறுப்பு அருங்காட்சியகத்தின் மேல் இல்லை. அருங்காட்சியகத்தின் பொறுப்பு எதையும் ஏற்காமல் அதன் தோற்றத்தை மட்டும் வரவேற்பறைக்குக் கொண்டுவருவதன் மேல்தான்.

விலையையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் குடும்பத்தில் மெதுவாகப் பேசப்படுவது அதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த சாமான்களோடு பாக்குவெட்டிகளும் விற்பனைக்குக் கிடக்கின்றன. அலகு தேய்ந்தால் விலை குறையும் என்பது சித்தப்பாவின் கவலை. இருக்கலாம். ஆனால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த பழம்பொருளையும் விவரம் தெரிந்தவர்கள் விரும்பி வாங்குவதில்லை. பொருளுக்கு நூறு வயது கடந்திருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. எனவே சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்பி வைக்கலாம் என்ற யோசனையை, வயது உறுதியாகத் தெரியும்வரை தள்ளி வைப்பது நல்லது.

தம்பிக்கு நான் சொல்வது இதுதான். சுவரில் அழகாக ஒன்று வேண்டும் என்றால், அந்தக் கிளியை நான்கு பக்கமிருந்தும் நல்ல படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டு மாட்டிக்கொள். உப்புக் காற்று படத்தை அரித்தால் இன்னொன்று அச்சிடலாம். பாக்குவெட்டியே வேண்டும் என்றால், திருப்புல்லாணிக்கு வந்து பெரியம்மாவிடம் உட்கார்ந்து, பாதாமைச் சீவவும், எண்ணெய்க் கல்லில் அலகைத் தீட்டவும், மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விடவும் கற்றுக்கொண்டு எடுத்துப் போ. உன் சமையலறையில் அது இருந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. வரும்போது நல்ல எண்ணெய்க் கல் ஒன்றும் வாங்கி வா, இங்கே இருப்பது நடுவில் குழிந்துவிட்டது.