பேசாதவர்கள் ஒரே வேலைக்குத்தான் லாயக்கு, அப்படித்தானே?

இணையத்தில் சுற்றும் அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். விவரம் தெரிந்த நண்பர்களே 'சூப்பர், நூறு சதவீதம் உண்மை' என்று ஷேர் செய்ததும் பொறுக்கவில்லை. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம், அமைதியானவர்களுக்கு: 'இன்ட்ரோவர்ட்: ஒரே வேலை'. வலது பக்கம், கலகலப்பானவர்களுக்கு: 'எக்ஸ்ட்ரோவர்ட்: எந்த வேலைக்கும் தயார்'. அமைதியானவர்களைப் புதுப் பொறுப்பில் போட்டு ரிஸ்க் எடுக்காதீர்கள் என்று மேனேஜர்களுக்கு அறிவுரை வேறு. அதற்குக் கைதட்டல் வேறு.

பல பேரிடம் கலகலவென்று பேசுவது வேறு, பல வேலைகளைச் செய்ய முடிவது வேறு. இது புரிய உளவியல் பட்டம் வேண்டியதில்லை.

சரி, பட்டம் உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே பார்ப்போம். இந்த இரண்டு பெயர்களையும் பிரபலமாக்கியவர் உளவியலாளர் கார்ல் யுங், 1921-இல். பின்னால் வந்த ஆராய்ச்சியில் இது இரண்டு பெட்டி இல்லை, ஒரே அளவுகோல் என்றாகிவிட்டது. பெரும்பாலோர் அதன் நடுவில்தான் எங்கோ இருக்கிறோம். அதுவும் ஒருவரின் ஆளுமையை அளக்க உளவியலாளர்கள் பார்க்கும் ஐந்து குணக்கூறுகளில் இது ஒன்று மட்டும்தான். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, இணக்கம், பதற்றம் என்று இன்னும் நான்கு இருக்கின்றன. ஒருவர் புது வேலைக்குப் பொருந்துவாரா என்று கேட்டால், கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருக்கிறதா, சிக்கல் வந்தால் பதறாமல் இருப்பாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். எவ்வளவு பேசுவார் என்பதெல்லாம் அப்புறம்.

பாரிக், மவுண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா வகை வேலைக்கும் பொதுவாகக் கைகொடுத்த குணம் பொறுப்புணர்வுதான். "அதே ஆய்வில் விற்பனைக்கும் நிர்வாகத்துக்கும் எக்ஸ்ட்ரோவர்ட் குணம் உதவும் என்று இருக்கிறதே" என்று ஒருவர் கிளம்புவார். இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு வகை வேலைக்கு உதவினால் 'எந்த வேலைக்கும் தயார்' ஆகிவிடுமா? அந்த விற்பனையிலேயே, 2013-இல் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் தொலைபேசி விற்பனையாளர்களை ஆராய்ந்தபோது, நிறுவனத்துக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வாயாடிகள் இல்லை. நடுவில் இருந்தவர்கள்.

என் கதையையே சொல்கிறேன். முந்தைய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். ஒருவர் திடீரென்று வேலையை விட்டுப் போனதும் வாடிக்கையாளர் புகார்கள் என் மேசைக்கு வந்தன. பிறகு புது மென்பொருள் வந்தது. அதன் கையேட்டைப் படிக்கும் பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது, ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையும் என் தலையில். மூன்றையும் செய்தேன். ஆண்டு மதிப்பீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'முன்வந்து பேசுவதில்லை.' பக்கத்து இருக்கைக்காரர் ஒவ்வொரு மீட்டிங்கிலும் 'எதுவானாலும் நான் எடுத்துச் செய்யறேன்' என்பார். எடுப்பார். செய்வது நான்.

பொறாமை என்பீர்கள். இருக்கட்டும்.

"அப்போ குணம் வேலையைப் பாதிக்கவே பாதிக்காதா?" பாதிக்கும். நாள் முழுக்கப் போனில் பேசிவிட்டு வந்தால் மாலையில் எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. பிரையன் லிட்டில் என்ற உளவியலாளர் இதைத்தான் சொல்கிறார்: மனதுக்கு முக்கியமான காரியத்துக்காக நம் இயல்புக்கு மாறாகவும் நடக்கலாம், ஆனால் பிறகு மீண்டுவர நேரம் வேண்டும். முடியாது என்பதும் களைப்பாகும் என்பதும் ஒன்றா? கலகலப்பானவரை ஒரு வாரம் தனியறையில் கோப்புகளோடு உட்காரவைத்தால் அவரும்தான் வாடிப்போவார். அவருக்கு மட்டும் யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

அலுவலகத்தை விடுங்கள், வீட்டிலும் இதேதான். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, "அவளை எதுக்கு அனுப்பறீங்க, டாக்டர்கிட்ட வாயே திறக்க மாட்டா" என்றார் சித்தி. அண்ணன் வந்தான், நர்ஸிலிருந்து காவலாளி வரை எல்லோரையும் சிரிக்கவைத்தான், போனான். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, காப்பீட்டுக்கு எந்தப் படிவம் என்பதெல்லாம் என் நோட்டில்தான் இருந்தது. மருந்தை ஏன் மாற்றினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டதும் நான்தான். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் 'பையன் இருந்ததால சமாளிச்சாங்க' என்கிறார்கள். அண்ணன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

"நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்பார்கள் மேனேஜர்கள். ஆக, வேலையையும் செய்து, அதற்கு விளம்பரமும் நானே செய்ய வேண்டும். யாருக்கு எது வரும் என்று கவனிப்பது மேனேஜரின் வேலை இல்லையா? சத்தம் வருகிற பக்கம் திரும்பிப் பார்க்க ஒரு மேனேஜர் எதற்கு?

'கொஞ்சம் பேசிப் பழகுங்க மேடம்' என்று கமெண்டில் எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த அறிவுரை வந்துகொண்டுதான் இருக்கிறது, வரிசையில் நில்லுங்கள். கலகலப்பானவர்களிடம் 'கொஞ்சம் கேட்டுப் பழகுங்க' என்று ஒருவர்கூடச் சொல்லி நான் பார்த்ததில்லை.