ஆமாம், பெயிண்ட் அடித்தவன்தான்

உடம்பெல்லாம் பல வண்ணத்தில் கோடும் கட்டமும் தீட்டிய 'ஸ்னோட்ராப்' என்ற லிவர்பூல் பயணிகள் ஃபெர்ரியின் போட்டோவைப் போட்டது என் தப்புதான். "நூற்றாண்டுப் பாரம்பரியத்தின் மேல் ஹோலி ஆடியிருக்கிறார்கள்" என்று ஒருவர் ஆரம்பிக்க, பின்னாலேயே ஒரு கூட்டம். பெயர் வேண்டாம், கமெண்ட் எல்லாரும் பார்த்ததுதானே.

முதலில், 'ஸ்னோட்ராப்' நூற்றாண்டுக் கப்பல் இல்லை. 1959-ல் கட்டியது. அப்போது பெயரே வேறு, உட்சர்ச். அந்தக் கோடும் கட்டமும் 2015-ல் பிரிட்டிஷ் ஓவியர் பீட்டர் பிளேக் வடிவமைத்துக் கொடுத்தது, முதல் உலகப் போரின் 'டாசில்' கப்பல்கள் நினைவாக. 1917-ல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் சொன்ன யோசனை அது. கடலில் கப்பலை எப்படியும் மறைக்க முடியாது, புகையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம் என்று நீர்மூழ்கிக்காரனுக்குக் கணக்குத் தப்பட்டும் என்று தாறுமாறாகக் கோடு போட்டார்கள். உழைக்கிற கப்பலுக்கு எதற்கு ஓவியம் என்கிறீர்களே, அங்கே ஓவியமே உழைத்தது ஐயா.

"அது போர், இது டிக்கெட் விற்கிற தந்திரம்." சரி, இருக்கட்டும். ஃபெர்ரி வேறு எதை விற்கும்?

"அசல் நிறத்தை அழித்துவிட்டார்களே!" இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருடம் கப்பலில் இருந்தேன். ஒரு பழைய சரக்குக் கப்பலில் சுத்தியலால் துரு தட்டும்போது கையகலப் பெயிண்ட் பெயர்ந்து வந்தது. ஓரத்தைப் பார்த்தால் பச்சை, சாம்பல், வெள்ளை, திரும்பவும் பச்சை, அடியில் சிவப்பு பிரைமர். முதலாளி மாற மாற நிறமும் மாறியிருக்கிறது. எது அசல்? உப்புக்காற்றில் விட்டால் இரும்புக்கு ஒரே நிறம்தான், துரு. பெயிண்ட் போகும், வரும். அது போய்ப் போய் வருவதால்தான் கப்பல் நிற்கிறது. எத்தனை தடவை சொல்வது?

அப்புறம் அந்தக் கடைசி கமெண்ட். "கப்பல்ல பெயிண்ட் அடிச்ச உமக்குக் கலை பத்தி என்ன தெரியும் அண்ணாச்சி?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

ஆமாம், அடித்தேன். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, கீழே தண்ணீரைப் பார்க்காமல் அடித்தேன். லிவர்பூலில் டாசில் வேலையை மேற்பார்த்த எட்வர்ட் வாட்ஸ்வொர்த், 1919-ல் அதையே பெரிய ஓவியமாக வரைந்தார். அதில் கப்பலுக்குப் பக்கத்தில் ஆட்கள் எறும்பு மாதிரி இருப்பார்கள். வாட்ஸ்வொர்த் பெயர் நமக்குத் தெரியும். அந்த எறும்புகளின் பெயர்? ஸ்னோட்ராப் என்றால் பிளேக் பெயரைச் சொல்கிறோம், நானும் மேலே அதைத்தானே சொன்னேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறியது அவரா? கோபப்படுவதென்றால் இதற்குப் படுங்களேன்.

அந்தப் பெயிண்ட் துண்டு இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. முதல் கமெண்டில் போட்டோ போடுகிறேன். எந்த அடுக்கு பாரம்பரியம் என்று தம்பி வந்து விரலை வைத்துக் காட்டட்டும்.