வைமேக்ஸ் தோற்றது வேகத்தால் அல்ல
கோபுரத்திலிருந்து கம்பியில்லாமல் இணையம் தந்த வைமேக்ஸ் (WiMAX), வேகம் போதாமல்தான் படுத்தது என்கிறார் அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைமேக்ஸ் இருந்த காலத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். மொட்டைமாடியில் ஆன்டெனா, கீழே சிக்னல் அளவைக் காட்ட நாலு விளக்கு மினுங்கும் ஒரு பெட்டி. சிக்னல் நிலையாகக் கிடைத்தால் நல்ல வேகம்தான். ஆனால் எதிர்த்தோப்புத் தென்னை ஓலை காற்றில் ஆடினால் நாலு விளக்கு ரெண்டாகிவிடும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். புகார் சொன்னால், "மரத்தை வெட்டுங்க சார்" என்பார்கள். அடுத்தவர் தோப்பை நான் எப்படி வெட்டுவது!

சரி, அதுகூடப் பெரிசில்லை. நகர்ந்துகொண்டே பயன்படுத்தும் இணையத்துக்கான வைமேக்ஸ் தரம் (802.16ஈ) 2005 டிசம்பரிலேயே ஒப்புதலாகிவிட்டது. அதை வைத்துப் பேச எத்தனை போன் கடைக்கு வந்தது? விரல்விட்டு எண்ணலாம். 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் போட்டித் தொழில்நுட்பமான எல்டிஇ (4ஜி) வந்ததும் போன் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. நம் நாட்டில் இந்தக் கம்பியில்லா இணையத்துக்கான அலைக்கற்றை ஏலமே 2010இல்தான். அரசுக்கு 38,500 கோடி ரூபாய்க்கு மேல் வரவு. அவ்வளவு கொட்டியவர் பழைய குதிரையிலா பணம் கட்டுவார்? நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களையும் (உரிமம் தரும் பகுதிகள்) ஏலத்தில் எடுத்த இன்ஃபோடெல் நிறுவனம் ஏலம் முடிந்த அன்றே ரிலையன்ஸ் கைக்குப் போனது, அதுதான் 2016இல் எல்டிஇயோடு ஜியோவாக வந்தது.

இன்னொன்று, எங்கள் எல்லைக்காரர் தலைவலி: வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வட்டமே மாறிவிடும். "நகரும்" இணையம் என்று விற்றதை செக்போஸ்ட் வரைதான் நகர்த்த முடிந்தது.